சம்மதம் அளித்தவர்

நாற்பத்து மூன்று என்று அச்சடித்த துண்டுச்சீட்டு பூங்காவனத்தின் உள்ளங்கையில் நைந்துகொண்டிருந்தது. சுவரில் சிவப்பாக எரிந்த எண்ணோ இருபத்தொன்பதில் குந்தியது குந்தியபடி எழுந்திருக்க மாட்டேன் என்றது. வெளியே பண்ருட்டிக் கடைத்தெருவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, இந்தக் கண்ணாடிக் கதவுக்குள் மார்கழிக் குளிர், அப்படியும் அவளுக்கு வியர்க்கிறது. மடியில் போன். பட்டன் போன்தான், மூன்றாம் எண் தேய்ந்து மொழுக்கென்று இருக்கும். அதன் சின்னத் திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று பதினோரு நாளாக அதே வரி. எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து அந்த வரி அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. அவசரம் என்றால் இவர்கள் எதைச் சொல்கிறார்கள்? தீப்பிடித்தால் கூப்பிடலாமாம், திருடன் வந்தால் கூப்பிடலாமாம். பெற்ற மகள் ஒன்பது மாதச் சுமையோடு ஓசூரில் ஒற்றையாக உட்கார்ந்து அம்மா அம்மா என்று இந்த நம்பரைப் போட்டுக்கொண்டிருப்பாளே, அது இவர்கள் கணக்கில் அவசரமில்லை போலிருக்கிறது. போட்டால் அங்கே என்ன கேட்கும்? மணி அடித்துக்கொண்டே இருக்குமா, இல்லை அந்தப் பொம்பளைக் குரல் வந்து இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று சொல்லுமா? சொன்னால் பிரமிளா என்ன நினைப்பாள்? அப்பன்தான் தலைமுழுகினான், அம்மாவும் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைப்பாள். வேறென்ன நினைக்க முடியும்? சீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

முப்பது. ஒரு ஆள் எழுந்து போனான், பக்கத்து நாற்காலி காலியானது, உடனே இன்னொருத்தர் வந்து நிரப்பினார். பூங்காவனம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் இந்த விரலால் வந்த வினை. இருபத்து மூன்று வருஷமாக முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. கொட்டையிலிருந்து தெறிக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு, தோல் கருகி, உரிந்து, மறுபடி வளர்ந்து, மறுபடி கருகி, கடைசியில் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்ட விரல்நுனிகள். ரேகை என்று ஒன்று இருந்த சுவடே கிடையாது. ரேஷன் கடையில் அந்தக் கறுப்பு மிஷினில் வைத்தால், "விழல, இன்னொரு தபா வையி" என்பார்கள். துடைத்துவிட்டு வைப்பாள், விழாது. ஊதி வைப்பாள், விழாது. எச்சில் தொட்டு வைப்பாள். பின்னால் நிற்கிற கூட்டம் உச்சுக் கொட்டும். அவளுக்கோ ஏதோ அடுத்தவர் கார்டைத் திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி முகம் சுருங்கிப் போகும். முந்திரி உடைக்கிற பொம்பளைகள் எல்லாருமே அப்படித்தான், மிஷினைக் கண்டால் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விரலை நீட்டுவார்கள். அதனால்தானே வைகாசி மாதம் பேருந்து நிலையத்துக்கு எதிரே குடை போட்டு, கழுத்துப்பட்டையில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவன், "பழைய சிம்மு இனிமே வேல செய்யாதும்மா, புதுசு மாத்திக்கணும், எல்லாம் ஃப்ரீதான், ரேகை மட்டும் வைங்க" என்றபோது வைத்தாள். "விழலம்மா" என்றான், வைத்தாள். "இன்னொரு தபா", வைத்தாள். நாலாவது தடவை அவனே அவள் பெருவிரலைப் பிடித்து அழுத்தினான். அவள் என்ன சொன்னாள்? "மன்னிச்சுக்கோப்பா, கொட்டை ஒடைக்கிற கையி" என்றாள். ஐயோ, ஐயோ. ஒவ்வொரு தடவையும் விழுந்துகொண்டுதான் இருந்ததாம். ஒரு ரேகைக்குப் பழைய கம்பெனியிலிருந்து இவளை அறுத்துவிட்டானாம், ஒரு ரேகைக்குப் புதுக் கம்பெனியில் கோர்த்துவிட்டானாம், ஒரு ரேகைக்கு மாதாமாதம் பில் வருகிற திட்டத்தில் போட்டானாம், இன்னொன்றுக்கு என்னென்னவோ சேவையாம். திருடன் கையில் தன் விரலைக் கொடுத்துவிட்டு அவனிடமே மன்னிப்பும் கேட்டவள் இந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நம்பர் அதேதான். அதுதான் அவளை ஏமாற்றியது. நம்பர் மாறியிருந்தால் அன்றைக்கே கூப்பாடு போட்டிருப்பாள். நம்பர் அதே நம்பர், போன் அதே போன், உள்ளே கம்பெனி மட்டும் மாறிவிட்டது. இப்படியும் ஒரு களவாணித்தனம் உண்டா? வீடு அப்படியே நிற்கிறது, வீட்டுக்காரன் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிட்டு, மறுநாள் வேறொருத்தன் வந்து வாடகை கேட்பானாம். மெசேஜ் மெசேஜாக வந்தது, எல்லாம் இங்கிலீஷ். தமிழில் வந்தது ஒன்றே ஒன்று, தினமும் காலையில் ராசிபலன். கடக ராசிக்கு இன்று தனவரவு உண்டு என்று போட்டிருந்ததைப் படித்துச் சந்தோஷமாகக்கூட இருந்தாள். அந்தத் தனவரவைச் சொல்வதற்கே அவள் பில்லில் காசு ஏறிக்கொண்டிருந்தது என்பது அப்போது தெரியுமா? பாட்டும் ஒன்று வைத்துவிட்டிருந்தான். அது அவளுக்குக் கேட்காது, கூப்பிடுகிறவர்களுக்குத்தான் கேட்கும். "என்னம்மா, புதுசா பாட்டெல்லாம் வச்சிருக்க, எடுக்காதம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கிறேன்" என்று பிரமிளா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகப் பாட்டு இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள். தப்புதான். எல்லாமே தப்பு. பதினொரு நாளைக்கு முன்னால் முதலில் இவள் போட்ட கால் போகவில்லை, சாயங்காலத்துக்குள் வருகிற காலும் நின்றுபோனது. அன்றிலிருந்து பந்தாட்டம். பழைய கம்பெனிக் கடைக்குப் போனால், "நீங்க எங்க கிட்ட இல்லம்மா, விட்டுட்டுப் போயிட்டீங்க, உங்க பேரே இல்ல" என்கிறான். இங்கே, புதுக் கம்பெனிக்கு வந்தால், "நீங்களாதானம்மா விருப்பப்பட்டு வந்தீங்க" என்கிறார்கள். குடை இருந்த இடத்தில் இப்போது கரும்புச்சாறு விற்கிறார்கள். விட்டுவிட்டும் போகவில்லை, விரும்பியும் வரவில்லை, நடுவில் அவள் எங்கேதான் இருக்கிறாளாம்?

முப்பத்து நாலு. தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று பார்த்தாள். போன நேரத்தில் தன் எண் தாண்டிவிட்டால்? உட்கார்ந்தே இருந்தாள். மகள் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளாதது அவள் தப்புதான், ஆனால் தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பிரமிளா சாதி விட்டுச் சாதியில் கட்டிக்கொண்டு போனபோது புருஷன் ஆதிமூலத்தின் அண்ணன் தம்பிகள் இரண்டு காரில் ஓசூர் வரைக்கும் போய்த் தேடினார்கள். எந்த நம்பர் என்று கேட்டு இவளைச் சுவரோடு நிறுத்தி வைத்தார்கள். ஆதிமூலம் அடிக்கவில்லை, பக்கத்தில் நின்றான், தடுக்கவும் இல்லை. பலா மண்டியில் ஐம்பது கிலோ பழத்தை அனாயாசமாகத் தூக்குகிற ஆள் அன்றைக்குக் கையைத் தூக்கவில்லை. "அவ செத்துட்டா, இந்த ஊட்ல அவ பேரு வரக்கூடாது" என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் அந்தப் பேரை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே கிடையாது. நாலு மாதம் கழித்து ஒரு பகல் பதினோரு மணிக்கு முதன்முதலாக மகள் கூப்பிட்டபோது பூங்காவனம் சொன்ன முதல் பேச்சே, "நம்பரச் சொல்லாத, எனக்குத் தெரிய வாணாம், தெரிஞ்சா வாயில வந்துடும்" என்பதுதான். மகள்தான் கூப்பிடுவாள், அவன் மண்டியில் இருக்கிற நேரம் பார்த்து. பேசி முடித்ததும் இவள் கண்ணை ஒருபக்கமாக இடுக்கிக்கொண்டு, எண்ணைப் பார்க்காமலே, பட்டனைத் தடவித் தடவி அழித்துவிடுவாள். அழித்துவிட்டு இன்னொரு தரம் சரி பார்ப்பாள். தெரியாத நம்பரை எவனும் அடித்துப் பிடுங்க முடியாதல்லவா. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இப்போது கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒரு நம்பர் போனால் மகள் போனாள். இவள் தேடிப் போக வழியில்லை, விலாசம் தெரியாது, அதையும் அவளே வேண்டாம் என்றுதானே சொல்லிவைத்தாள்.

எதிர்வரிசையில் ஒரு பெண் குழந்தைக்குப் பிஸ்கட்டை ஒடித்து ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பாதியைத் தரையில் துப்பியது. பூங்காவனம் அதைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்த வாயிலேயே பயம் வந்து அடைத்தது. தேதி இந்த மாதக் கடைசி என்றாள் பிரமிளா. தலைப்பிரசவம் சொன்ன தேதியிலா வரும்? முன்னாலும் வரும். நேற்றே வந்திருந்தால்? வலி எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு தரம் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று போட்டிருப்பாள். தாய் பக்கத்தில் இருக்கத்தான் கொடுப்பினை இல்லை, "பயப்படாதடி, பல்லக் கடிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை காதில் சொல்லக்கூடக் கொடுப்பினை இல்லையா? இன்னொரு பயமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இந்த ஆதிமூலம் ஏன் இந்தப் பத்து நாளாக இப்படித் துடிக்கிறான்? அவனிடம்தான் பெரிய டச் போன் இருக்கிறதே. இவள் போன் செத்துப்போனால் அவனுக்கென்ன? தினமும் சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால், "போன் வேல செய்யுதா?" என்று கேட்கிறான். இன்றைக்குக் காலையில் மண்டிக்குப் போகிறவன் திரும்பி வந்து, சட்டைப்பையிலிருந்து மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து அடுப்பு மேடையில் வைத்து, "என்னா கேக்குறானோ கட்டிட்டு சரி பண்ணிக்கினு வா, அதே நம்பரு இருக்கணும்" என்றுவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனான். அதே நம்பர் இருக்கணுமாம். ஏன்? மோப்பம் பிடித்துவிட்டானா? கால் வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருக்கிறானா? அண்ணன்காரன் சொல்லிக் கொடுத்திருப்பானோ? அப்படியானால் போனைச் சரி பண்ணுவதே மகளைக் காட்டிக் கொடுப்பது. சரி பண்ணாவிட்டால் மகளே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராத இருமலை இருமினாள்.

முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்தொன்று என்று திடீரென்று ஓட ஆரம்பித்தது, யாரோ பொறுக்க மாட்டாமல் எழுந்து போயிருக்கிறார்கள். நாற்பத்து மூன்று என்றதும் பூங்காவனத்துக்குக் கால் மரத்திருந்தது, தட்டித் தட்டி நடந்தாள். கவுண்ட்டரில் தலையில் சாம்பல்நிறத் துணி சுற்றிய சின்னப் பெண். அடுத்த கவுண்ட்டர்க்காரன் அவளை பெனாசிர் என்று கூப்பிட்டு ஸ்டேப்ளர் வாங்கிப் போனான். நல்ல முகம். இவளிடம் சொல்லலாமா, எல்லாவற்றையும்? சொல்லத் திறந்த வாயில், "போன் வேல செய்யலம்மா" என்பது மட்டும்தான் வந்தது. பெனாசிர் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள். "அம்மா, ரெண்டு பில்லு கட்டல நீங்க. அதான் நிறுத்திட்டாங்க." "நான் கேக்கவே இல்லியேம்மா இந்தக் கம்பெனிய." "தோ இருக்குதே, சம்மதம் அளித்தவர் பூங்காவனம்னு, ரேகை வச்சிருக்கீங்க, நாலு தபா." திரையை இவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். இருந்தது. ரேஷன் கடையில் விழாத ரேகை, அங்கே அச்சு அசலாக நாலு இடத்தில் விழுந்து கிடந்தது. "பழைய கம்பெனிக்கே போயிடறேன்மா." "போலாம், ஆனா தொண்ணூறு நாள் ஆவணும், பாக்கிய முழுசாக் கட்டணும். கட்டலன்னா இந்த வாரத்தோட நம்பரு போயிடும். வேற யாருக்காச்சும் குடுத்துடுவாங்க." வேறு யாருக்காவதா? பிரமிளா கூப்பிட, முன்பின் தெரியாத எவனோ எடுத்து யார் வேண்டும் என்று கேட்பான். பூங்காவனம் கவுண்ட்டர் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

பெனாசிருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினாள். "இப்பிடி நெறைய பேர ஏமாத்திருக்காங்கம்மா. ஒண்ணு பண்ணலாம். உங்க பில்லு முழுசும் பிரிண்ட் எடுத்துத் தரேன், எந்தெந்தக் கால் எத்தினி மணிக்குன்னு எல்லாம் இருக்கும். நீங்க பண்ணாதது எதுவோ அதுல டிக் போடுங்க. புகார் எழுதிக்கலாம், கொறைப்பாங்க." மிஷின் முனகி முனகி மூன்று தாளைத் தள்ளியது. இதுவரைக்கும் அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லை. பழைய கம்பெனியில் காசு போடுவாள், பேசுவாள், தீரும், யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை. இங்கே தேதி, மணி, நம்பர், எத்தனை விநாடி என்று ஒன்று விடாமல் வரிசை. பாட்டுக்கு, ராசிபலனுக்கு, கிரிக்கெட்டுக்கு எல்லாம் பெனாசிரே டிக் போட்டாள். "இது யாரு?" தங்கச்சி. "இது?" முந்திரிக் கம்பெனி மேஸ்திரி. பூங்காவனத்தின் விரல் வரி வரியாக இறங்கியது. பிறகு ஒரு நம்பர் வந்தது. கீழே மறுபடியும் அதே நம்பர். அடுத்த தாளிலும் அதே. எல்லாம் விடியற்காலை, நாலு ஐம்பது, ஐந்து பத்து, ஐந்து ஐந்து. அந்த நேரத்துக்கு அவள் வீட்டிலேயே இருக்க மாட்டாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருப்பாள், போன் அலமாரியில் சார்ஜில் கிடக்கும். ஐந்து விநாடி. ஏழு விநாடி. ஒன்பது. "பாருங்க, இத நீங்க பண்ணிருக்க மாட்டீங்க" என்றாள் பெனாசிர். "எவனோ உங்க போன எடுத்துப் போட்டுப் போட்டு வச்சிருக்கான். இதயும் புகார்ல சேத்துடறேன், அந்த நம்பருக்குப் போன் பண்ணி யாரு என்னான்னு விசாரிப்பாங்க."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். பூங்காவனத்துக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை, அப்புறம் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடியது. ஆனி மாதம் ஒருநாள் பிரமிளா சலித்துக்கொண்டது காதுக்குள் கேட்டது. ஏம்மா காலங்காத்தால போன் பண்ணிட்டுப் பேசாம வச்சிடற, நான் அம்மா அம்மான்னு கத்துறேன், மூச்சு சத்தம் மட்டும் வருது, என்றாள். நான் எங்கடி பண்ணேன், பட்டன் தானா அமுங்கிக்கிச்சோ என்னமோ, என்று இவள் சொன்னாள், சொல்லிவிட்டு மறந்தும் போனாள். ஆதிமூலத்துக்கு நம்பர் எப்படிக் கிடைத்தது? காய்ச்சல் என்று அவன் மண்டிக்குப் போகாமல் படுத்திருந்த அந்த ஒரு பகல். இவள் புறக்கடையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள், உள்ளே மணி அடித்து நின்றது, யாருங்க என்றதற்கு ராங் நம்பரு என்றான். பதினோரு மணிக்கு ராங் நம்பர். அடப்பாவி மனுஷா. செத்துட்டா என்று சொன்ன வாய். அந்த வாயைத் திறக்காமல், இருட்டில், சார்ஜ் ஒயரோடு அலமாரிப் பக்கம் குனிந்து நின்றுகொண்டு, மகள் அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறான். தன் போனில் போட்டால் பயந்து எடுக்க மாட்டாள் என்று இவள் போனில் போட்டு, கேட்டுவிட்டு, இவளைப் போலவே அழித்தும் வைத்திருக்கிறான். ஒரே போனில் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஒரே நம்பரை அழித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது, அன்றைக்குச் சுவரோரம் நின்றபோது வராத கோபம், அதற்குள்ளேயே அழுகையும் வந்தது, எது எதென்று பிரிக்க முடியவில்லை. கடைசி வரியைப் பார்த்தாள். நாற்பது விநாடி. பேசினானா? இல்லை, அப்போதும் கேட்டுக்கொண்டேதான் நின்றானா? மகளுக்கு அதற்குள் தெரிந்திருக்குமா அது யார் மூச்சு என்று?

"டிக் போடட்டுமாம்மா?" பேனா தாளின் மேல் காத்திருந்தது. பத்து இலக்கம். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்காமல் விட்ட பத்து இலக்கம். பூங்காவனம் இந்தத் தடவை கண்ணை நன்றாகத் திறந்து, ஒன்று ஒன்றாக, உதடு அசைய, மூன்று தரம் படித்தாள்.

"வாணாம்மா" என்றாள். "இதெல்லாம் நான் பண்ணதுதான். புகாரு எதுவும் வாணாம். முழுசாக் கட்டிடறேன், நானா கேட்டு வந்தேன்னே எழுதிக்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

பெனாசிர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"அஞ்சு செகண்டு, ஏழு செகண்டுல அப்பிடி என்னாம்மா பேசுவீங்க?"

"பேச மாட்டேன்மா" என்றாள் பூங்காவனம். "கேட்டுக்கினு இருப்பேன்."